முதலில் பதில் சொன்ன பிரிண்டர்

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதையும் தலை திருப்பிப் பார்க்கச் சோம்பல். பிரிண்டர் கண்ணெதிரே மேசைமேல் குந்தியிருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டரிடம் கேட்கிறார் என் மாப்பிள்ளை. கேட்பதற்கென்றே ஒரு புரோகிராமும் எழுதி வைத்திருக்கிறார். பட்டனை அழுத்தினால் அது நெட் லைனில், "பிரிண்டர் யாராவது இருக்கீங்களா?" என்று கூவுமாம். இருக்கிறவை பெயர், விலாசத்தோடு பதில் கொடுக்குமாம்.

"அதோ இருக்கே மாப்பிள்ளை, தெரியலையா?"

"எனக்குத் தெரியுது மாமா. கம்ப்யூட்டருக்குத் தெரியணுமே."

எனக்கோ அவசரம். நான் புத்தகம் பைண்டிங் செய்கிறவன். என் கடைக்கு மேலே பல் டாக்டர். அவருடைய குழாய் ஒழுகி என் கூரையிலிருந்து சொட்டுகிறது. கீழே, பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய இருநூறு அட்லஸ். நனைந்தால் உலகமே ஊறிப்போகும். கட்டட ஓனரோ, "எழுத்துல கொடு, பார்க்கலாம்" என்றுவிட்டார்.

ஓனருக்கு நான் சொல்லச் சொல்ல, புகார் லெட்டரை மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் தட்டினார். 'பல்லைப் பிடுங்கத் தெரிந்தவருக்குக் குழாயை மூடத் தெரியவில்லை' என்பதையும் விடாமல் சேர்க்கச் சொன்னேன்.

பட்டனை அழுத்தினார். "பிரிண்ட் ஆயிடுச்சு மாமா."

எங்கள் பிரிண்டர் கல்லுளிமங்கன் மாதிரி கிடந்தது. மறுபடி அழுத்தினார். இன்னொரு தடவையும்.

சற்று நேரத்தில் பல் டாக்டர் முகமூடியோடு இறங்கி வந்தார். கையில் மூன்று தாள்.

"பெரியவரே, திட்டணும்னா நேர்ல திட்டலாமே! மூணு காப்பி எதுக்கு? ஒண்ணை எடுத்துப் படிச்சுட்டு, வாயைத் திறந்துட்டிருந்த பேஷண்ட் எழுந்தே போயிட்டாரு!"

மாப்பிள்ளையின் முகம் சுருங்கியது. "டாக்டரோட லைன்லதானே நாமளும் நெட் எடுக்கிறோம் மாமா. ரெண்டு பிரிண்டருக்கும் கூப்பாடு போயிருக்கு. முதல்ல பதில் சொல்றதுக்கு அனுப்புன்னு எழுதியிருந்தேன். நம்மளுது தூங்கிட்டிருந்திருக்கு."

"அடப் பாவமே! முதல்ல குரல் கொடுத்தவனுக்குப் பொண்ணையும் கட்டிக் கொடுத்துடறதா?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். என் மகளைப் பெண் கேட்டு முதலில் வந்தவர் இந்த மாப்பிள்ளைதான்.

டாக்டர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கூரையிலிருந்து ஒரு சொட்டு அவருடைய வழுக்கையில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தார். இன்னொன்று நெற்றியில்.

"இவ்வளவா ஒழுகுது? சொல்லியிருக்கலாமே!"

"அதான் சொல்லியாச்சே, மூணு தடவை."

அவர் மேலே ஓடினார். கொஞ்ச நேரத்தில் சொட்டுவது நின்றது. குழாய் ரிப்பேர்காரரை வரச்சொல்லியிருப்பதாக மாடியிலிருந்தே கத்தினார். அட்லஸ் ஒன்றுகூட நனையவில்லை.

மாப்பிள்ளைக்கு உடனே தெம்பு வந்துவிட்டது. "பாத்தீங்களா மாமா, லெட்டர் சேர வேண்டிய இடத்துக்குத்தான் சேர்ந்திருக்கு!"

"கண்ணை மூடிட்டு எறிஞ்ச கல்லுல மாங்கா விழுந்துச்சு. குறி பாத்தேன்னு மட்டும் சொல்லாதீங்க."

"சரி, இப்ப திருத்திட்டேன். நீங்களே ஒரு தடவை அழுத்திப் பாருங்களேன்."

இந்தத் தடவை எந்த வீட்டில் போய் எதைக் கக்குமோ! நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். டாக்டர் உண்மையிலேயே குழாயை மூடினாரா என்று கண்ணால் பார்க்க மாடிப்படி ஏறினேன்.