எடை ஏற்றும் செடிகள்

ஈர அட்டையைக் கொண்டுவந்து என் தராசில் வைக்கிறவனைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காலடிப்பேட்டையில் பழைய இரும்பு, பேப்பர் கடை வைத்தே என் தாடி நரைத்துவிட்டது. கட்டுக்கு நடுவில் கல் வைப்பான், அட்டைமேல் தண்ணீர் தெளிப்பான், கேட்டால் மழை என்பான். மண்டையைப் பிளக்கும் வெயிலில் அவன் வீட்டுக்கு மட்டும் எங்கிருந்து மழை வந்தது? கட்டைவிரலால் அழுத்துவேன். குழி விழுந்து அப்படியே நின்றால் உள்ளே தண்ணீர் என்று அர்த்தம். ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டுத்தான் விலை பேசுவேன். ரஷீது பாய் கறார் பேர்வழி என்று தெருவே சொல்லும். சொல்லட்டும்.

இதே தராசில்தான் கஸ்பார் ஞாயிறுதோறும் ஏறி நின்றான்.

கஸ்பார் என் கடைக்குப் பின்சந்தில் குடியிருந்தவன். ஹார்பரில் கப்பல்மேல் கண்டெய்னர்களை இரும்புக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டுகிற வேலை. நல்ல தோள்பட்டை அவனுக்கு. கிறிஸ்துமஸுக்கு முன்னால் சோறு இறங்கவில்லை என்றான். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வயிற்றில் கட்டி என்றார்கள். முதலில் சில மாதம் ஊசி மருந்து, அப்புறம் ஆபரேஷன். ஆனால் இந்த உடம்பு ஆபரேஷனைத் தாங்காது, ஆறு கிலோவாவது ஏற்றிக்கொண்டு வா என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஊசி போடப் போட, தின்றதெல்லாம் வெளியே வந்துகொண்டிருந்த நேரம் அது. ஆறு கிலோவுக்கு அவன் எங்கே போவான்?

அவன் மனைவி ஜானட் கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிற ஆள் இல்லை. பொங்கலுக்குத் தள்ளுவண்டியில் வந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கை வேகவைத்து, வெல்லம் போட்டு மசித்துக் கொடுத்தாள். அது ஒன்றுதான் அவன் வயிற்றில் தங்கியது. பொங்கல் முடிந்ததும் வண்டிக்காரன் காணாமல் போனான். மார்க்கெட்டில் கிடைத்ததெல்லாம் நாரும் புழுவுமாக இருந்தது. ஒருநாள் கடைக்கு வந்து, செடி வைக்கத் தொட்டி வேண்டும் என்று மணலி கெமிக்கல் கம்பெனிப் பக்கமிருந்து வந்திருந்த நீல டிரம்மைக் காட்டினாள். அதில் என்ன கண்றாவியை ஊற்றி வைத்திருந்தார்களோ, அதைத் தொட்டால் கையை உடைப்பேன் என்று கத்தினேன். பழைய வாஷிங் மெஷின்களின் உள்தொட்டிகளை எடுத்துக் கொடுத்தேன். அதில் ஓட்டை ஏற்கெனவே இருக்கிறது, தண்ணீர் தேங்காது.

செம்மண்ணும் சாணமும் போட்டு, வீட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல்லைச் சுற்றித் தொட்டிகளை வைத்தாள். சர்க்கரைவள்ளிக் கொடி, வேர்க்கடலை, சுவரோரம் மரவள்ளிக் குச்சி, ஒரு வாழைக்கன்று. பக்கத்து வீட்டு ஞானம், ஊரே கீரையும் தக்காளியும் வைக்கிறதே என்று யோசனை சொல்லப் போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

"கீரை துன்னா எட ஏறுமாக்கா? எனுக்கு எட ஏத்துற செடி மட்டும் போதும்."

விடிந்து பார்த்தால் இலையெல்லாம் கம்பெனிப் புகையின் கரித்தூள் படிந்திருக்கும். ஜானட் ஈரத்துணியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு இலையாகத் துடைப்பாள். பைத்தியமா உனக்கு என்று திட்டினேன். இலை மூச்சு விட்டால்தான் கிழங்கு பெருக்கும் என்றாள். கஸ்பார் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மரவள்ளிக் குச்சிக்கு முட்டுக் கொடுத்துக் கட்டுவான். கப்பலே ஆடினாலும் தன் கட்டு அவிழாது என்று பீற்றிக்கொள்வான்.

ஞாயிறு பூசை முடிந்ததும் அவனை என் தராசுக்கு அழைத்து வருவாள். முதலில் எடை இறங்கியது. பிறகு நின்றது. அவளுக்குப் பொறுக்கவில்லை, ஒரே ஒரு தொட்டியை முன்னாலேயே தோண்டினாள். விரல் தண்டிக் கிழங்குதான் வந்தது. அதையும் மசித்து ஊட்டினாள். அடுத்த ஞாயிறு எடை ஏறியது. அதற்கடுத்த ஞாயிறு இன்னும் ஏறியது. செடி கைகொடுத்துவிட்டது என்று சந்தெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். நானும் நம்பினேன். என் பங்குக்கு இன்னும் இரண்டு தொட்டி தூக்கிக்கொண்டு போய் வைத்தேன்.

அந்த ஞாயிறு தராசு ஒரேயடியாக ஏறிக் காட்டியது. ஜானட் கல்கண்டுப் பொட்டலத்தைப் பிரித்துத் தெருவில் போகிறவர்களை நிறுத்திக் கொடுக்க ஆரம்பித்தாள். நான் கஸ்பார் முகத்தைப் பார்த்தேன். கன்னம் ஒட்டிக் கிடந்தது. சட்டைக் காலருக்குள் கழுத்து தொளதொளவென்று நின்றது. அப்படியானால் இந்த எடை எங்கே போய் உட்கார்ந்தது? கீழே பார்த்தேன். வெறுங்காலோடு நின்றிருந்தான், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.

குனிந்து அவன் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினேன். குழி விழுந்தது. அப்படியே நின்றது.

"தெரியும் பாய்," என்றான் கஸ்பார், அவளுக்குக் கேட்காமல். "ரெண்டு வாரமா காலுல செருப்பே போவல. ஜானட்டு கெயங்கு தோண்டி முடிக்கட்டும், அப்பால சொல்லிக்கலாம்."

எனக்கு வந்த ஆத்திரம் அவன்மேலா, அந்தப் பாழாய்ப்போன தராசின்மேலா என்று இன்றைக்கும் தெரியாது. எப்படிச் சொல்லாமல் இருப்பது? ஜானட்டைக் கூப்பிட்டேன்.

"இது சதை இல்லம்மா, தண்ணி. இப்பவே ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ."

அவள் கையில் கல்கண்டோடு நின்றாள்.

"உனுக்கு எல்லாமே ஈர அட்டதானா பாய்?"

அதற்குமேல் என்னைத் திட்டிய திட்டு தெருமுனை வரைக்கும் கேட்டது. திட்டிக்கொண்டே, அழுதுகொண்டே, ஆட்டோவையும் அவள்தான் கைகாட்டி நிறுத்தினாள்.

கட்டி ஈரலுக்குப் பரவிவிட்டது, இனி ஆபரேஷன் இல்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அப்போதும் அவள் இலை துடைப்பதை நிறுத்தவில்லை. இன்னும் கொஞ்ச நாள்தான், கிழங்கு முற்றிவிடும், பொறுத்துக்கொள் என்று அவனிடம் சொல்லிக்கொண்டே துடைப்பாளாம். ஞானம் வந்து சொன்னபோது என்னால் கல்லாவில் உட்கார முடியவில்லை. அவன் பொறுத்துக்கொள்ளத்தான் பார்த்தான். முடியவில்லை.

காசிமேட்டுக் கல்லறையில் பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். பெட்டி கனத்தது. இதில் ஈரம் எவ்வளவு இருக்கும் என்று என் மண்டை தானாகக் கணக்குப் போட்டது. சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று இருந்தது எனக்கு.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் ஜானட் கடைக்கு வந்தாள். அன்றைக்குத் திட்டிவிட்டுப் போனவள், அதற்குப் பிறகு இப்போதுதான் படியேறினாள். இடுப்பில் ஒரு சாக்கு. அதைத் தராசின்மேல் இறக்கி வாயைப் பிரித்தாள். சர்க்கரைவள்ளிக் கிழங்கு, ஒவ்வொன்றும் என் முழங்கைத் தண்டி. மண்ணெல்லாம் கழுவி, துடைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

"எட போடு பாய்."

போட்டேன். ஒன்பது கிலோவுக்குக் கொஞ்சம் மேலே என்று சொன்னேன்.

"சாக்குக்குக் கழிச்சியா?"

"கழிச்சிட்டேம்மா."

"ஈரத்துக்கு?"

ஒரு கிழங்கை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். கல்லாட்டம் இருந்தது.

"ஈரம் இல்லம்மா."

தராசில் எரிந்த சிவப்பு எண்களையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டரு ஆறுதான பாய் கேட்டாரு," என்றாள்.