இடது ஓரம்

ஜூஜுவாடியில் இருக்கிற அந்தத் தொழிற்சாலையில் பஸ் கண்டக்டர்கள் கையில் வைத்திருக்கும் டிக்கெட் மெஷினுக்கு முகப்புக் கண்ணாடி செய்கிறார்கள். கண்ணாடியை மெஷினில் பொருத்தி, ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கருங்கல் பலகை மேல் போட்டுப் பார்ப்பது சுப்ரியாவின் வேலை. வழக்கமாக நூற்றில் ஒன்று உடையும். அந்த வாரம் பத்தில் நான்கு உடைந்தன.

தர மேலாளர் மாரிசாமி, கண்ணாடியைச் சுட்டு உறுதியாக்கும் உலையைத்தான் குறை சொன்னார்.

"சூடு பத்தல. ஆனந்தராஜ் ஒழுங்கா கவனிக்கல. நாளையிலருந்து அவர் பேக்கிங்குக்குப் போகட்டும்."

கெலவரப்பள்ளிக்காரரான ஆனந்தராஜ் பன்னிரண்டு வருஷமாக அந்த உலையைப் பார்த்துக்கொள்பவர். "சூடு ஒரு டிகிரி கூட மாறலீங்க சார்" என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

சுப்ரியாவுக்கு மனம் ஒப்பவில்லை. உடைந்தவற்றை மேசையில் வரிசையாக அடுக்கினாள். எந்த விரிசலைப் பின்தொடர்ந்தாலும் அது இடது ஓரத்தில் ஒரே இடத்தில் போய் நின்றது. உடையாத கண்ணாடிகளை எடுத்து லென்ஸில் பார்த்தாள். சிலவற்றில் அதே இடத்தில், முடியைவிட மெல்லிய ஒரு கீறல்.

"சார், பத்து கண்ணாடி எடுங்க. எது உடையும்னு முன்னாடியே எழுதித் தர்றேன்."

"ஜோசியமா?"

"இல்ல சார். எல்லாம் ஒரே வேகத்துலதான் விழுது. கல்லுல மோதினதும் கண்ணாடி லேசா வளையும். வளையும்போது ஒரு பக்கம் இழுபடும். அங்க கீறல் இருந்தா வாயப் பிளந்துக்கும். இல்லேன்னா நிமிந்துக்கும்."

லென்ஸில் பார்த்து மூன்று, ஐந்து, ஏழு, பத்து என்று எழுதிக் கொடுத்தாள். ஷிப்ட் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒன்றும் இரண்டும் தாங்கின. மூன்றாவது நொறுங்கியது. நான்காவது தாங்கியது. ஐந்தாவது உடைந்ததும் யாரோ விசிலடித்தார்கள். ஆறும் தாங்கியது. ஏழாவது விழுந்து, எகிறி, முழுசாகக் கிடந்தது.

"தப்பாயிடுச்சேம்மா!" என்றார் மாரிசாமி.

சுப்ரியா அதைக் கையிலெடுத்துப் புரட்டினாள். "வலது மூலையில விழுந்திருக்கு சார், பாருங்க தடம். கீறல் பக்கம் இழுபடவே இல்ல." இந்த முறை இடது பக்கம் கீழே இருக்கும்படி பிடித்துப் போட்டாள். படீர்!

எட்டும் ஒன்பதும் பிழைத்தன. பத்தாவது கல்லைத் தொட்டதும் சிதறியது. கைதட்டல் கூரையை எட்டியது.

மாரிசாமி சிரிக்கவில்லை. "கீறல் எங்கருந்து வருது?" என்று கேட்டபடி தாமே முன்னால் நடந்தார். சுப்ரியாவும் ஆனந்தராஜும் பின்தொடர, கண்ணாடி போகும் வழியெல்லாம் மூவரும் விரலால் தடவிக்கொண்டே போனார்கள். கண்ணாடி கழுவும் தட்டருகே ஆனந்தராஜ் கையை வெடுக்கென்று இழுத்தார், விரலில் ரத்தம்.

"இங்க பாரும்மா! இடது ஓரம் உரசுற இடத்துல ரப்பர் உறை தேஞ்சு இரும்பு முள்ளு வெளிய நிக்குது!"

புது உறை மாட்டினார்கள். அடுத்து வந்த ஐம்பதை ஒன்றுவிடாமல் போடத் தொடங்கினார்கள். நாற்பதைத் தாண்டியபோது எல்லோரும் சத்தம் போட்டு எண்ண ஆரம்பித்தார்கள். நாற்பத்தொன்பது வரை ஒன்றும் உடையவில்லை.

"ஆனந்தராஜ், நான் அவசரப்பட்டுட்டேன்" என்றார் மாரிசாமி. "நீங்க உலைக்கே போங்க."

"போறேன் சார். அந்தக் கடைசி ஒண்ண மட்டும் நான் போடட்டுங்களா?"

விரலில் சுற்றிய துணியோடு மெஷினை வாங்கி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கல் மேல் போட்டார்.

"உடையலண்ணா!" என்று சுப்ரியா கத்தினாள்.