ஒற்றைக் கூடை மைதானம்

மலைமேல் இருக்கும் வாழவந்தி நாட்டுப் பள்ளிக்கூட மைதானத்தில் கூடைப்பந்துக் கம்பம் ஒன்றுதான் உண்டு. இரண்டாவது கம்பம் நட வேண்டிய இடத்தில் மைதானமே முடிந்து சரிவு ஆரம்பித்துவிடும். கீழே மரவள்ளிக் காடு. கோட்டைத் தாண்டிப் பந்து போனால் யார் கை பட்டுப் போனதோ அவள்தான் இறங்கி எடுத்து வரவேண்டும். அதனால் இரண்டு அணியும் அந்த ஒரே கூடையில்தான் மாற்றி மாற்றிப் போடும். இன்னொரு கூடை இல்லையே என்று யாரும் வருத்தப்பட்டதில்லை.

விளையாட்டு வாத்தியாரும் கிடையாது. கணக்கு வாத்தியார் ராஜதுரை விசிலை மட்டும் ஊதுவார். விதி சொல்லிக்கொடுப்பது பத்தாம் வகுப்புப் பரிமளாவின் வேலை. அவள் அடிவாரத்துக் காரவள்ளிக்காரி. எட்டாவது வரை கீழே பெரிய பள்ளியில் இரண்டு கூடை மைதானத்தில் ஆடியவள். அம்மா பழனியம்மாளுக்கு மலைப்பள்ளி விடுதியில் சமையல் வேலை கிடைத்ததும் கூடவே ஏறி வந்தாள். அப்பா சுப்பையன் கொத்து வேலை பார்த்துக்கொண்டு காரவள்ளியிலேயே இருந்துவிட்டார். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. பரிமளாவை விட்டால் ஆளில்லை என்றுதான் ஒரு வருஷம் ஓடியது.

அப்புறம் தேவனூர் நாட்டிலிருந்து யமுனா வந்து விடுதியில் சேர்ந்தாள். பரிமளாவைவிட ஒரு வயது சின்னவள், அதே வகுப்பு. அவள் கைக்குப் போன பந்து சரிவுக்குப் போனதே இல்லை. பழனியம்மாளுக்கு அந்தப் பெண்ணின் மேல் தனிப் பிரியம். "ஓடற புள்ள, தின்னுட்டு ஓடு சாமி" என்று தட்டில் இரண்டாவது முட்டையை வைப்பாள். பொறாமை என்று சொன்னால் பரிமளா ஒத்துக்கொள்ள மாட்டாள். ஆனால் அந்த முட்டையை அவள் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

நாமக்கல்லில் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுப்பதாகத் தகவல் வந்தது. பன்னிரண்டாவது வரை படிப்பு, சாப்பாடு, தங்கல் எல்லாம் அங்கேயே. மலைப் பள்ளிகளுக்கு ஒரே ஓர் இடம். யமுனாவின் அப்பா செல்லமுத்து, பத்தாவது முடித்ததும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குத்தான் என்று முடிவு கட்டியிருந்தார். அந்த இடம் கிடைத்தால் படிப்பு, இல்லாவிட்டால் தையல் மிஷின். இதை யமுனா தன் வாயாலேயே பரிமளாவிடம் சொல்லியிருந்தாள், நம்பிக்கையானவளிடம் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

இருவரும் நாமக்கல் போவதற்கு முதல் நாள் சாயங்காலம் கம்பத்தடியில் யமுனா நோட்டோடு வந்து உட்கார்ந்தாள்.

"எல்லா விதியும் ஒருக்கா சொல்லிப்போடுங்கக்கா. எழுதிக்கறேன்."

"பந்தத் தட்டிக்கிட்டேதான் ஓடோணும். தட்டறத நிறுத்திப் புடிச்சிட்டா மறுபடி தட்டக்கூடாது. புடிச்ச பந்தோட ரெண்டு எட்டுக்கு மேல வெச்சா விசில்."

"செரிங்க."

"பக்கத்துல ஆளு மறிச்சு நிக்கறப்ப அஞ்சு செகண்டுக்கு மேல பந்த வெச்சிக்கிட்டு நின்னா, பந்து அவங்களுக்கு. அஞ்சு ஃபவுல் பண்ணினா ஆள வெளியில ஒக்கார வெச்சிருவாங்க. வளைவுக் கோட்டுக்கு வெளிய நின்னு போட்டா மூணு பாயிண்ட், உள்ளன்னா ரெண்டு."

யமுனா எல்லாவற்றையும் எழுதினாள். பிறகு தலையைத் தூக்கி, "அங்க ரெண்டு கூடை இருக்குமாமே. நாம எதுல போடறதுங்க?" என்று கேட்டாள்.

"ஆரம்பத்துல எதுல போடச் சொல்றாங்களோ, அதுல."

"கடைசி வரைக்குமா?"

பாதி ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் கூடை மாற்றிக்கொள்ளும். கூடைப்பந்தைத் தொட்ட யாருக்கும் தெரிந்த சங்கதி, ஒற்றைக் கம்பத்தடியில் வளர்ந்தவளைத் தவிர. பரிமளா பந்தில் ஒட்டியிருந்த செம்மண்ணைத் தட்டிவிட்டாள்.

"கடைசி வரைக்கும்" என்றாள்.

அதையும் யமுனா எழுதி, அடியில் கோடு போட்டுக்கொண்டாள்.

நாமக்கல்லில் பல பள்ளிப் பெண்களைக் கலந்து சிவப்பு, நீலம் என்று இரண்டு அணியாகப் பிரித்தார்கள். யமுனா சிவப்பு. உயரமாக இருந்ததால் பரிமளா நீலத்துக்குக் கேப்டன். முதல் பாதியில் யமுனா பதினான்கு புள்ளி எடுத்தாள். ஆள் எடுக்க வந்த கவிதா மேடம் அவள் எண்ணைத் தாளில் குறித்துச் சுற்றி வட்டம் போட்டதைப் பரிமளா கண்ணாலேயே பார்த்தாள். பரிமளா எடுத்தது ஆறு.

இடைவேளை முடிந்து விசில் ஊதியது. கோட்டோரத்திலிருந்து வந்த பந்து யமுனா கையில் விழுந்தது. அவள் திரும்பி, காலையிலிருந்து போட்டுக்கொண்டிருந்த அதே கூடையை நோக்கித் தட்டிக்கொண்டு ஓடினாள். சிவப்புப் பெண்கள் கத்தினார்கள். உற்சாகப்படுத்துகிறார்கள் என்றுதான் அவள் நினைத்திருக்க வேண்டும். வழியில் பரிமளா நின்றிருந்தாள். 'ஏய், அந்தப் பக்கம்' என்று ஒரு வார்த்தை போதும். அவள் ஓரடி நகர்ந்து வழிவிட்டாள், பாவி.

பந்து வளையத்தைக்கூடத் தொடாமல் விழுந்தது. அன்றைக்கு விழுந்ததிலேயே அழகான கூடை அதுதான். மைதானமே சிரித்தது. யமுனாவும் கூடச் சிரித்தாள், எல்லாரும் சந்தோஷப்படுவதாக எண்ணி. சிவப்புப் பெண் ஒருத்தி ஓடிவந்து, "லூசா நீ? இப்ப இது அவங்க கூடை" என்று தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் சிரிப்பு நின்றது.

தெரியாமல் சொந்த அணிக்கு எதிராகப் போட்ட கூடை, எதிரணிக் கேப்டன் பேரில் ஏறும். விதி அப்படி. கணக்கு எழுதுகிறவர், "நீலம் கேப்டன், நம்பர் என்னம்மா?" என்று கேட்டார்.

"ஏழு சார்" என்றாள் பரிமளா. குரல் கொஞ்சமும் பிசகவில்லை.

அதற்குப் பிறகு யமுனா ஆடியது ஆட்டமில்லை. பந்து கைக்கு வரும்போதெல்லாம் எந்தப் பக்கம் என்று இரண்டு கூடையையும் பார்த்துக்கொண்டு நின்றாள். ஐந்து செகண்டு போகும், விசில் ஊதும். மூன்றாவது விசிலில் அவளை வெளியே கூப்பிட்டுவிட்டார்கள்.

கடைசியில் கவிதா மேடம் ராஜதுரையைக் கூப்பிட்டு, "கூடை மாறும்னுகூடத் தெரியாமலா கூட்டிட்டு வந்தீங்க? யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார். வாத்தியார் பரிமளாவைப் பார்த்தார். பரிமளா யமுனாவின் பையைப் பார்த்தாள். விசாரித்தால் நோட்டு வரும், நோட்டில் கோடு போட்ட வரி இருக்கும்.

"அக்கா சொன்னாங்க மேடம்" என்றாள் யமுனா. "நாந்தான் மறந்துட்டேன்."

இடம் பரிமளாவுக்குக் கிடைத்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் ராஜதுரை முன் சீட்டில் தூங்கினார். பின்னால் இருவரும் பக்கத்தில் பக்கத்தில்.  காரவள்ளி நெருங்கும்போது யமுனா நோட்டை எடுத்து அந்த ஒரு பக்கத்தை மட்டும் கிழித்து, பரிமளா மடியில் வைத்தாள்.

"உங்களுக்காவ ஒண்ணும் மறைக்கலீங்க. உங்கம்மா காத்தாலகூட ரெண்டு முட்டை வெச்சாங்க. அந்த மூஞ்சிக்காவத்தான்."

பரிமளா தாளைத் தொடவில்லை.

"ஊட்டுக்குப் போயிட்டு நாளைக்குத்தான நீங்க மேல வருவீங்க? இன்னிக்கு உங்கம்மா கேட்டா என்ன சொல்லட்டும்ங்க?"

மன்னிப்புக் கேட்க அதுதான் சமயம். ஒரு கணம் வாய்வரை வந்ததும் உண்மை.

"மறந்துட்டேன்னே சொல்லு" என்றாள் பரிமளா.

"செரிங்கக்கா" என்று யமுனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காரவள்ளி நிறுத்தத்தில் சுப்பையன் சிமெண்டுக் கையோடு நின்றிருந்தார். வாத்தியார் போனில் சொல்லியிருக்க வேண்டும். கூட வேலை செய்யும் நாலு பேரையும் அழைத்து வந்திருந்தார். தாளைக் கைக்குள் கசக்கிக்கொண்டு பரிமளா இறங்கினாள். பஸ் முதல் வளைவில் ஏறத் தொடங்கியது.

"எத்தன பாயிண்ட் எடுத்த கண்ணு? இவிங்ககிட்டச் சொல்லு" என்றார் சுப்பையன், முகமெல்லாம் பல்லாக.

தன் கையால் போட்டது ஆறுதான் என்று சொல்ல யாரும் அவளைத் தடுக்கவில்லை.

"எட்டுங்கப்பா" என்றாள்.