ஓடி வராத பயணி

1

இந்தக் கதை ஒரு ஆரஞ்சுப் பழத்திலிருந்து வந்தது. உல்லாசக் கப்பல் ஒன்றின் சாப்பாட்டுக் கூடத்தில், பக்கத்து மேஜையில் ஒரு மனைவி பழத்தை உரித்து, நார் எடுத்து, சுளை சுளையாகக் கணவரின் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். கணவரைப் பார்க்கவில்லை. கணவர் எடுத்துத் தின்றார். அவரும் பார்க்கவில்லை. பழம் தீர்ந்ததும் எழுந்து போய்விட்டார்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் கட்டியது.

கட்டச் சொன்னவர் ஒரு வாரப் பத்திரிகை ஆசிரியர். வயதில் இளையவர், வெட்டுவதில் மூத்தவர். பயண மலர் போடுகிறாராம்.

"சார், கப்பல் டூர் போறவங்களுக்கு டிப்ஸ் வேணும். கொஞ்சம் கதை மாதிரி இருந்தா இன்னும் நல்லது."

"கொலை உண்டா?"

"ஐயோ, வேண்டவே வேண்டாம். குடும்பம் குடும்பமா டிக்கெட் போட்டுட்டு உக்காந்திருப்பாங்க."

"யாராவது காணாமப் போகலாமா?"

கொஞ்சம் யோசித்தார். "போகலாம். ஆனா திரும்பக் கிடைக்கணும்."

"கிடைப்பாங்க" என்றேன். சொல்லும்போது மனதாரத்தான் சொன்னேன்.

(போய்வந்தவன் என்ற முறையில் ஒன்று: ஓய்வெடுக்கப் போய், ஓய்வெடுத்த களைப்பு தீர இன்னொரு ஓய்வு தேவைப்பட்டுத் திரும்பினேன். கீழே வரும் எரிச்சல்கள் எல்லாம் என் சொந்தச் சரக்கு. மனிதர்கள் அப்படியில்லை.)

2

ஆரம்பம் ஒன்று: "உயிர்காப்புப் படகின் தார்ப்பாய்க்கு வெளியே ஒரு கை மட்டும்—"

(கொலைக் கதை எழுதியே பழகிய விரல் தானாகப் போய்விட்டது. அடித்திருக்கிறேன், அழிக்கவில்லை. பழக்கம் என்பது எப்படிப்பட்டது என்று தெரியட்டும்.)

ஆரம்பம் இரண்டு: "கடல் அன்று அமைதியாக"

(கடல் எப்போது அமைதியாக இருந்தது? அடுத்தது.)

ஆரம்பம் மூன்று: அறைக்குள் நுழைந்ததும் டோக்கன் அம்மா கைப்பையிலிருந்து காந்தக் கொக்கிகளை எடுத்துச் சுவரில் ஒட்டினாள்.

இது நிற்கும். இதிலேயே போகலாம்.

(டிப்ஸ்: கப்பல் அறையின் சுவர் இரும்பு. ஆணி அடிக்க முடியாது, காந்தம் ஒட்டும். அலமாரி உள்ளங்கை அகலம்தான் என்பதால் சட்டை, பை, தொப்பி எல்லாம் சுவரில்தான் தொங்கியாக வேண்டும்.)

டோக்கன் அம்மா என்ற பெயர் வேலை கொடுத்தது. பல் மருத்துவர் ஒருவரின் கிளினிக்கில் டோக்கன் கொடுத்து, கன்னம் வீங்கி வருகிறவர்களை வரிசையில் உட்காரவைத்து, முந்தப் பார்க்கிறவர்களை ஒரு பார்வையில் பின்னால் அனுப்பி, தலை நரைத்தவள். வீட்டிலும் அதே நிர்வாகம். கணவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் பாதியை இரண்டு மாடிகளுக்கு நடுவே, இருட்டில், எண்ணெய்க் கையோடு கழித்த மனிதர். பேச்சு குறைவு.

கப்பல் டிக்கெட் மகள் வாங்கிக் கொடுத்தது. சும்மா கொடுக்கவில்லை. மகளுக்குக் கைக்குழந்தை, மறுபடி வேலைக்குப் போக வேண்டும். அம்மாவும் அப்பாவும் இருக்கிற வீட்டைக் காலி செய்துவிட்டுத் தன்னோடு வந்துவிட வேண்டும் என்பது மகளின் ஏற்பாடு. டோக்கன் அம்மா எப்போதோ சரி சொல்லிவிட்டாள். மனதளவில் பாத்திரங்களைக்கூட மூட்டை கட்டிவிட்டாள்.

"அப்பா என்னம்மா சொல்றார்?"

"பாக்கலாம்கிறார்."

"அப்படின்னா?"

"இரு, கப்பல்ல வெச்சுக் கேட்டு வாங்கிடறேன். இறங்கும்போது பதில் சொல்றேன்."

ஆக, டோக்கன் அம்மா காற்று வாங்க வரவில்லை. கணவரிடமிருந்து ஒரு 'சரி' வாங்க வந்திருக்கிறாள்.

3

வாங்க முடியவில்லை.

காலை உணவு நேரத்தில் கேட்கலாம் என்று பார்த்தாள். உணவுக் கூடத்தில் முட்டை போடுகிறவருக்கு முன்னால் ஒரு வரிசை, ரொட்டிக்கு ஒன்று, காபி இயந்திரத்துக்கு ஒன்று. தட்டோடு திரும்பி வந்தபோது பிடித்துவைத்த மேஜையில் வேறு குடும்பம். (டிப்ஸ்: ஒருவர் உட்கார, ஒருவர் போக வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து போவது காதலர்களுக்குச் சரி.)

நீச்சல் குளத்தருகே கேட்கலாம் என்று போனாள். நாற்காலிகள் அத்தனையிலும் துண்டு விரித்திருந்தது. ஆள் ஒருவரும் இல்லை. துண்டின்மேல் ஒரு செருப்பு, ஒரு புத்தகம், ஒரு குழந்தையின் நீச்சல் கண்ணாடி. விடிவதற்குள் வந்து விரித்துவிட்டு மறுபடி தூங்கப் போய்விடுகிறார்கள். வரிசையே வாழ்க்கையாக இருந்தவளுக்கு ரத்தம் கொதித்தது.

"நாளைக்கு நானும் வந்து துண்டு போடறேன் பாருங்க."

"எதுக்கு?"

"உக்காரத்தான்."

"துண்டு போட்டா அப்புறம் உக்கார்ந்தே ஆகணுமே" என்றார் கணவர்.

லிஃப்ட்டுக்குக் காத்திருக்கும்போது கேட்டாள். அவர் காதைக் கதவில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உள்ள ஏதோ உரசுது."

"உங்களுக்கு ரிட்டயர்மென்ட் ஆயிடுச்சு. வாங்க. மகளுக்கு என்ன சொல்லட்டும்?"

"பாக்கலாம்."

கதவு திறந்தது. உள்ளே நிறைய ஆட்கள், ஒரு சக்கர நாற்காலி, ஒரு பிறந்தநாள் பலூன். கதவு மூடியது. (டிப்ஸ்: படியில் ஏறுங்கள். கப்பலில் ஏறும் எடையையும் அது கொஞ்சம் குறைக்கும்.)

அவள் அட்டவணை போட்டாள். காலையில் நடை, பிறகு வினாடி வினா, மதியம் மாயாஜாலம், மாலையில் நடனம் பார்த்தல். அவர் எல்லாவற்றுக்கும் வந்தார். ஒன்றுக்கும் மறுக்கவில்லை. கைதட்ட வேண்டிய இடத்தில் கைதட்டினார். அலை ஆடும்போது அவள் இஞ்சி மிட்டாய் கொடுத்தாள். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள். தின்றார்.

4

இதுவரை எழுதியதை ஆசிரியருக்கு அனுப்பினேன். கூப்பிட்டார்.

"சார், அந்த ஆள் ஏன் வாயே திறக்க மாட்டேங்கிறார்?"

"எனக்கும் அதான் சந்தேகம்."

"உங்களுக்கே தெரியாதா?"

தெரியாது. இங்கேதான் என் பழைய புத்தி வேலை செய்தது. அவருக்கு ஒரு நோய் கொடுக்கலாமா? அடுத்த துறைமுகத்தில் ஒரு பழைய சிநேகிதி? சட்டைப் பையில் ஒரு—

வேண்டாம். நோய் கொடுத்தால் வாசகர்கள் அவரை மன்னித்துவிடுவார்கள். சிநேகிதி கொடுத்தால் டோக்கன் அம்மாவை மன்னித்துவிடுவார்கள். இருவரில் ஒருவருக்கு மன்னிப்பு கிடைத்த நிமிடமே கதை படுத்துவிடும். அவர் சும்மா இருக்கிற மனிதராகவே இருக்கட்டும். களைத்த மனிதர். தன் களைப்புக்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதிலும் களைத்தவர்.

"டிப்ஸ் கொஞ்சம் கம்மியா இருக்கு சார்" என்றார் ஆசிரியர்.

"வருது."

5

(டிப்ஸ், இதைக் கத்தரிக்க வேண்டாம்: கப்பல் கடிகாரம் வேறு, கரைக் கடிகாரம் வேறு. கரையைக் கண்டதும் உங்கள் செல்போன் கட்சி மாறிவிடும். கப்பல் நேரம் வைத்த கைக்கடிகாரம் ஒன்று கட்டிக்கொள்ளுங்கள். சொன்ன நேரத்துக்குக் கப்பல் கிளம்பிவிடும். அதற்கு யாரும் சொந்தபந்தம் இல்லை.)

துறைமுக ஊரில் கடைத்தெருவைச் சுற்றியதில் டோக்கன் அம்மாவுக்குச் செருப்பு கடித்துவிட்டது.

"நீ முன்னாடி போ. நான் ஒரு காபி குடிச்சிட்டு வந்துடறேன்" என்றார் கணவர்.

அவர் கையைப் பிடித்துக் கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தாள். காலையில் அவளே கட்டிவிட்டது. கப்பல் நேரம்தான். நிம்மதியாகக் கப்பலுக்கு வந்துவிட்டாள்.

மேல்தளத்தில் மாலையில் ஒரு கூத்து உண்டு. கப்பல் கிளம்பும் நேரத்தில் பயணிகள் கைப்பிடிக் கம்பி ஓரம் கூடிவிடுவார்கள். தாமதமாக வருகிறவர்கள் பைகளோடு மூச்சிரைக்க ஓடி வருவதை மேலிருந்து பார்த்துக் கைதட்டுவது வழக்கம். இரவு உணவு மேஜையில் இவர்களோடு உட்காரும் ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் இந்தக் கூத்துக்குத் தவறாமல் வருகிறவர். பல கப்பல் பார்த்தவர். டோக்கன் அம்மாவுக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்.

"வாங்க மேடம், வாங்க. இதுக்கு மட்டும்தான் கப்பல்ல தனி டிக்கெட் கிடையாது."

முதலில் ஒரு இளம் ஜோடி ஓடி வந்தது. பெண் முன்னால், பையன் இரண்டு பைகளோடு பின்னால். மேலே விசில் பறந்தது. டோக்கன் அம்மாவும் சிரித்தாள். அந்தப் பயணத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

"அங்க பாருங்க, ஒரு பெரியவர்! ஓடவே மாட்டேங்கிறாரே" என்றார் மேனேஜர்.

கீழே, துறைமுக வேலிக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு. அதில் நீலச் சட்டை போட்ட ஒருவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஓடு! ஓடு!" என்று தளம் முழுக்கக் கத்தியது. நீலச் சட்டைக்காரர் நிமிர்ந்து பார்த்து, பொதுவாக ஒரு கை அசைத்தார்.

அந்தச் சட்டையை அன்று காலையில் காந்தக் கொக்கியிலிருந்து எடுத்துக் கொடுத்தது டோக்கன் அம்மா.

(இப்படி ஒரு வரியில் அத்தியாயத்தை முடித்து, உங்களை ஒரு வாரம் தவிக்க விடுவது என் வழக்கம். இன்று அதற்குத் தெம்பில்லை. உடனே சொல்லிவிடுகிறேன்.)

6

கரையின் சிக்னல் இன்னும் இருந்தது. அவள் செல்போனில் கூப்பிட்டாள். மூன்றாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"என்னங்க! கடிகாரத்தைப் பாக்கலையா? போன்ல பாத்து ஏமாந்துட்டீங்களா?"

"இல்ல. கடிகாரத்தைத்தான் பாத்தேன்."

"அப்ப எந்திரிச்சு வாங்க. கால்ல ஏதாவது அடியா?"

"கால் நல்லாத்தான் இருக்கு."

"எல்லாரும் பாக்கறாங்க. மானம் போகுது."

"நீயும் அவங்களோட நின்னு சிரிச்சிட்டுத்தானே இருந்தே. இங்கேருந்து தெரிஞ்சுது. நல்லா இருந்துச்சு."

பக்கத்தில் மேனேஜர் நாசூக்காக நகர்ந்து நின்றுகொண்டார். காது மட்டும் நகரவில்லை.

"விளையாடாதீங்க. மகளுக்கு நான் என்ன சொல்றது?"

"அதான் உனக்குச் சொல்றேன். நான் வரலை. நம்ம வீட்டுக்குப் போறேன். பேத்தியை வாரம் ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போறேன். அங்கேயே தங்கி, அவங்க போடற நேரத்துக்கு எழுந்து, அவங்க போடற நேரத்துக்குத் தூங்க என்னால ஆகாது."

"இதை வாயைத் திறந்து வீட்லயே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா நீ சரிக்கட்டியிருப்பே. உன்கிட்ட நான் என்னைக்கு ஜெயிச்சிருக்கேன்? நடுவுல கடல் இருந்தாத்தான் எனக்குத் தைரியம் வருது."

"அப்ப நான்?"

பெஞ்சில் அவர் காலை மாற்றிப் போட்டுக்கொள்வது தெரிந்தது.

"உன்னை வரச் சொல்லி நான் கூப்பிடலை. வராதேன்னும் சொல்லலை. இவ்வளவு நாள் எனக்கும் சேத்து நீயே முடிவெடுத்தே. உனக்குன்னு ஒண்ணு எடுத்துப் பாரு."

இந்த வசனத்தை மூன்று முறை அடித்து எழுதினேன். ஒரு வடிவத்தில் அவர் அழுதார், ஒன்றில் மன்னிப்புக் கேட்டார். அழுதபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. மன்னிப்புக் கேட்டபோது அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

7

ஒலிபெருக்கி அவர்கள் அறை எண்ணைக் கூப்பிட்டது. அவள் அறைக்குப் போனபோது கதவருகே வெள்ளைச் சீருடையில் ஒரு பாதுகாப்பு அதிகாரி நின்றிருந்தார். அவர் பேசியது வேறு மொழி; நம் மொழியில் இப்படி வரும்:

"மேடம், ஆள் ஏறலைன்னா பாஸ்போர்ட்டைக் கரையில எங்க ஏஜென்ட்கிட்ட குடுத்துடுவோம். அவர் அதை வெச்சு ஊருக்குப் போயிக்கலாம். உங்க கணவரோடதைக் குடுங்க. நீங்களும் இறங்கறதா இருந்தா ரெண்டையும் குடுங்க. இறங்கற பாலத்தை எடுக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கு."

(டிப்ஸ்: இது உண்மையிலேயே உதவும். பாஸ்போர்ட்டை உங்களில் யாரும் சுலபமாக எடுக்கக்கூடிய இடத்தில் வையுங்கள்.)

அவள் அறையின் சின்ன இரும்புப் பெட்டிக்கு முன்னால் குனிந்தாள். ரகசிய எண் மகளின் பிறந்த தேதி. திறந்தது.

முடிவு அ: அவள் ஒன்றை மட்டும் கொடுத்தாள். கப்பல் கிளம்பியது. இரவு உணவுக்கு அவள் தனியாக

(இதற்குமேல் போகவில்லை. மேஜையில் எதிர் நாற்காலியை என்ன செய்வது என்று தெரியவில்லை.)

முடிவு ஆ: இரண்டையும் கொடுத்துவிட்டு இறங்கிப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள். "இப்ப திருப்தியா?" என்றாள். அதற்கு அவர்

(அதற்கு அவர் என்ன சொன்னாலும் அவள் மறுபடி டோக்கன் கொடுக்க ஆரம்பித்துவிடுவாள். அங்கே குழந்தையை வைத்துக்கொண்டு மகள் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.)

இரண்டையும் ஆசிரியருக்குப் போனில் படித்துக் காட்டினேன். 'ஆ' போடுங்க, வாசகிகளுக்குப் பிடிக்கும் என்றார். பிறகு, இல்லை, 'அ' போடுங்க என்றார்.

"எங்கம்மாவா இருந்தா எதைக் குடுத்திருப்பாங்கன்னு எனக்குத் தெரியலை சார்."

"கேட்டுப் பாருங்க."

"பயமா இருக்கு" என்று வைத்துவிட்டார்.

எனக்குத் தெரிந்தவரை அந்த அறையில் இப்போது இருப்பது இவ்வளவுதான்: இரண்டு பாஸ்போர்ட்டுகளும் எப்போதும்போல முகத்தோடு முகம் வைத்து ஒரே ரப்பர் பேண்டுக்குள் இருக்கின்றன. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அப்படியேதான் நீட்டுவாள். பழைய பேண்டு, வெயிலில் இளகி அட்டையோடு ஒட்டிக் கிடக்கிறது. அவள் நகத்தை அதன் அடியில் நுழைத்துவிட்டாள். இழுக்கவில்லை. வெளியே கப்பலின் சங்கு ஒரு முறை ஊதியது.

இதற்குமேல் அந்த அறையில் எனக்கு வேலையில்லை. நான் படியில் இறங்கிப் போகிறேன். அந்த அதிகாரி கையை நீட்டிக்கொண்டு கதவிலேயே நிற்கிறார். காலையிலிருந்து பணியில் நிற்கிறவர், அவருக்கும் கால் வலிக்கும். நீங்கள் பார்த்து, ஒரு பாஸ்போர்ட்டோ இரண்டோ, அவர் கையில் கொடுத்தனுப்புங்கள்.