ஐந்தாம் நம்பர் கால்

பதினோரு வருஷமாகச் செருப்புக் கடையில் வேலை பார்ப்பவள் அவள். ஆள் படியேறும்போதே கால் நம்பரைச் சொல்லிவிடுவாள். அந்தப் புத்தி கடையோடு நிற்குமா? பக்கத்து வீட்டுக்குப் புது பக்கெட் வந்தால்கூட, பழசு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொண்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன் அவளுக்கு 'சிஐடி' என்று பெயர் வைத்திருந்தான். அவளும் அதை விருது மாதிரி வாங்கிக்கொண்டாள்.

வீட்டு முன்னால் நாலு கட்டில் போடுமளவுக்குப் புல்தரை. போன மாதம் கணவன் அதற்கு உரம் போட்டான். உரம் தெளிப்பதெல்லாம் ஒரு வித்தையா என்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கையால் வீசினான். ஒரே வாரத்தில் தெரிந்துபோயிற்று வித்தை. உரம் விழுந்த இடம் கரும்பச்சை, விழாத இடம் வெளுத்த பச்சை. புல்தரை கோடு போட்ட ஜமக்காளமாகிவிட்டது. அதில் மிஞ்சியதைச் செங்கல் நடைபாதையின் சந்துகளில் இருந்த கோரை வயிறாரத் தின்று முழங்கால் உயரத்துக்கு எழும்பி நின்றது.

கோரைக்கு மருந்து வாங்கி வந்தது சிஐடி. விற்ற கடைக்காரர் கறாராகச் சொல்லி அனுப்பினார்: "இது களை, புல்லுன்னு ஆள் பார்க்காதும்மா. பச்சையா எது மேல பட்டாலும் கருக்கிடும். செங்கல் சந்துல மட்டும் அடிங்க. காயுற வரைக்கும் யாரும் மிதிக்கக் கூடாது."

அப்படியே செய்தாள். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அடித்துவிட்டு, நடைபாதை வாசலருகே தொடங்கும் இடத்தில் குறுக்கே கயிறு கட்டினாள். கணவனுக்குச் சொன்னாள், தண்ணீர் கேன் போடுபவருக்குப் போனில் சொன்னாள், பக்கத்து வீட்டுக்கும் சொன்னாள். அரை மணி நேரத்தில் அவளும் கணவனும் அவரவர் வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள்.

பத்து நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை கடை விடுமுறை. காபி டம்ளரோடு வெளியே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கோரை சுத்தமாகக் கருகியிருந்தது, சரி. ஆனால் நடைபாதை ஓரத்திலிருந்து புல்தரைக்குள் மஞ்சளாக ஏழு காலடிகள் போயிருந்தன. முதல் அடியில் விரல் விரலாக எண்ணலாம். போகப் போக மங்கி, ஏழாவதில் குதிகால் மட்டும். கேட்டை நோக்கிப் போன கால், திரும்பி வந்ததற்குத் தடமே இல்லை.

"யாரோ மருந்து ஈரத்தை மிதிச்சுட்டு நடந்திருக்காங்க" என்றாள்.

கணவன் குனிந்து பார்த்தான். "திருடனா இருக்கும்."

"வெறுங்காலோட எந்தத் திருடன் வருவான்? அதுவும் வீட்டுக்குள்ள இருந்து வெளிய?"

"அப்போ திருடிட்டுப் போனவன். அதான் திரும்பி வரலை" என்று சொல்லிவிட்டு, தன் பத்தாம் நம்பர் ஷூவை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான்.

சிஐடிக்கு விருந்து கிடைத்தது. இஞ்ச் டேப்பை எடுத்து வந்து புல்லில் மண்டியிட்டாள். திரும்பாத காலின் ரகசியம் முதலில் பிடிபட்டது. குளித்துவிட்டு வருபவரின் ஈரக்கால் ஹாலுக்கு வருவதற்குள் காய்ந்துபோவது போல, ஏழு அடியில் மருந்து தீர்ந்திருக்கிறது. தடம் இல்லையே தவிர, ஆள் திரும்பி வந்திருக்கலாம். நீளம் ஒன்பதே கால். ஐந்தாம் நம்பர். கட்டைவிரலை விட அடுத்த விரல் நீளம். இவ்வளவும் உற்சாகமாக அளந்து முடித்தவள், முதல் காலடி எங்கே தொடங்குகிறது என்று பார்த்ததும் டேப்பைச் சுருட்டிக்கொண்டாள். சமையலறைப் பக்கக் கதவுக்கு நேரே. அந்த வழியாக யாரும் போவதில்லை என்றுதான் அங்கே கயிறே கட்டவில்லை.

வீட்டில் இன்னொரு ஆள் இருந்தாள். கணவனின் அக்கா. புருஷன் இறந்தபின் தம்பி வீட்டுக்கு வந்தவள், எட்டு மாதமாக உள்ளறையை விட்டு வாசலுக்கு வரவில்லை. சாப்பாடும் அறைக்கே போகும். யார் போன் செய்தாலும் பேச மாட்டாள். டாக்டர், கட்டாயப்படுத்தாதீர்கள் என்றார். ஆனால் அவளுடைய சின்னத் தம்பி வரும் ஞாயிற்றுக்கிழமை வந்து தன் ஊருக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. இடம் மாறினால் மனசு மாறும் என்று அந்த யோசனையைச் சொன்னதே சிஐடிதான். நாத்தனாரிடம் அதற்குச் சம்மதம் கேட்டதாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

சிஐடி நாத்தனாரின் அறைக்குள் போனாள். கட்டிலுக்கு அடியில் அவளே வாங்கித் தந்த ஐந்தாம் நம்பர் செருப்பு இருந்தது. அடியில் ஒட்டிய விலைச்சீட்டுகூடத் தேயவில்லை. நாத்தனார் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, வெளிய போனீங்களா?"

மடித்த துணியை மறுபடி பிரித்து மடித்தாள் நாத்தனார். "அவன்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"சொல்லாத."

"ஏன் அண்ணி? நல்ல விஷயம்தானே. எத்தனை நாளா? செருப்பு ஏன் போடலை?"

"செருப்பு இடம் மாறியிருந்தா நீ கண்டுபிடிச்சுடுவியே" என்றாள் நாத்தனார். எட்டு மாதத்தில் முதல் தடவையாகக் குரலில் கொஞ்சம் கேலி இருந்தது. "ஒரு மாசமா. நீங்க ரெண்டு பேரும் போனப்புறம். முதல்ல கதவு வரைக்கும். அப்புறம் புல்லு வரைக்கும். அந்தச் சனிக்கிழமை கேட்ல கைய வச்சுட்டு வந்துட்டேன். நேத்து திறந்து பார்த்தேன்."

"இதைச் சொல்றதுல என்ன?"

"சந்தோஷப்படுவீங்க. அதான் பயமா இருக்கு. அக்கா நடந்துட்டான்னு அவன் சின்னவனுக்கு போன் போடுவான். நாளைக்கு மார்க்கெட்டுக்கு வா, நாளான்னைக்கு அவங்க வீட்டு விசேஷத்துக்கு வான்னு ஆளாளுக்குக் கையைப் பிடிச்சு இழுப்பீங்க. எனக்கு இப்போதைக்கு கேட் வரைக்கும் போதும்."

"அப்போ ஞாயித்துக்கிழமை?"

நாத்தனார் அடுத்த துணியைக் கையில் எடுத்தாள். சின்னவன் வீடு ஆறாவது மாடி. கதவைத் திறந்தால் லிஃப்ட். புல்லும் கிடையாது, கேட்டும் கிடையாது. இது சிஐடிக்கு இப்போதுதான் உறைத்தது. ஊருக்கெல்லாம் மருந்து மிதிக்காதே என்று சொன்னவள், வீட்டுக்குள் இருந்த இவளிடம் சொல்லவில்லை. வெளியே வர மாட்டாள் என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். வெட்கமாக இருந்தது.

"சொல்ல மாட்டேன் அண்ணி" என்றாள். அவள் வாழ்க்கையில் கண்டுபிடித்ததை வெளியே சொல்லாமல் வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.

ராத்திரிச் சாப்பாட்டிலேயே அந்த வாக்குக்குச் சோதனை வந்தது. கணவன் பையிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டை எடுத்து மேஜையில் வைத்தான்.

"கேட்டுக்கு. பகல்ல அக்கா தனியா இருக்கா. எவனோ உள்ள வந்து போறான். நாளையிலேர்ந்து பூட்டிட்டு, சாவியை நாம எடுத்துட்டுப் போயிடலாம்."

சிஐடி பூட்டை அவன் பக்கமே தள்ளினாள். "பூட்டெல்லாம் வேண்டாம். அது என் கால்தான்."

"எது?"

"புல்லுல இருக்கறது. மருந்து அடிச்சுட்டு நான்தான் மறந்து மிதிச்சுட்டேன்."

கணவன் மேஜைக்கு அடியில் குனிந்து அவள் காலைப் பார்த்தான். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தான். "உனக்கு எட்டாம் நம்பர். உன் செருப்பை வச்சா அந்தத் தடமே மறைஞ்சுடும். யாரைக் காப்பாத்தற?"

"யாரையும் இல்ல. என் கால்னா என் கால்தான்."

"வாயைத் திறந்தா பொய்யே வராத ஆளு நீ. வர்றப்போ இவ்வளவு மோசமாவா வரும்?"

"என்னோடதுடா."

இருவரும் திரும்பினார்கள். நாத்தனார் கையில் சாப்பிட்ட தட்டோடு ஹால் வாசலில் நின்றிருந்தாள். "அவ கால் இல்ல. நான்தான் நடந்தேன். பூட்டாத."

கணவன் பாதி எழுந்தான். முகம் மலர்ந்து, என்னவோ சத்தமாகச் சொல்ல வாயெடுத்தான். சிஐடி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அவன் அவளைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், மெல்ல உட்கார்ந்தான். பூட்டை எடுத்துப் பையில் போட்டான்.

"மருந்து பட்ட கால் ஆச்சே அக்கா" என்றான் கடைசியில். "கழுவினியா?"

"அன்னைக்கே சோப்பு போட்டுக் கழுவிட்டேன்."

காலையிலிருந்து அத்தனை கேள்வி கேட்ட சிஐடிக்கு இந்த ஒரு கேள்வி தோன்றவே இல்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

நாத்தனார் தட்டை மேஜையில் வைத்துவிட்டு, காலியாக இருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"சின்னவனுக்கு போன் போட்டுக் குடு. ஞாயித்துக்கிழமை வர வேண்டாம்னு நானே சொல்லிக்கறேன்."