காயாத ரப்பர்

விடிவதற்கு முன்பே நாங்கள் லோரியைத் தள்ளத் தொடங்கிவிட்டோம். மரங்களில் ரப்பர் பால் வெட்டப் போக வேண்டிய பெண்கள் வாளிகளைக் கீழே வைத்துவிட்டுப் பின்பக்கம் தோள் கொடுத்தார்கள். மழையில் ஊறிய செம்மண் கணுக்கால்வரை இழுத்தது. மலாயாவில், கோப்பெங்கைத் தாண்டிய எங்கள் ரப்பர் தோட்டத்தில், ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனபோது விட்டுச் சென்ற ஒரே வண்டி அது. இப்போது ஜப்பான்காரனுக்காக ஈப்போவுக்கு விறகு சுமக்கிறது.

பெட்ரோலுக்கு எங்கே போவது? ரப்பரைக் காய்ச்சி வடித்த எண்ணெயில் இருமிக்கொண்டுதான் ஓடும். நேற்று அந்த இருமல் முற்றி, மேட்டில் குதித்துக் குதித்து நின்றேவிட்டது.

டிரைவர் சீனி முன்னால் என்ஜினைக் கிளப்பும் கம்பியைச் செருகிச் சுற்றினார். என்ஜின் ஒரு தரம் உறுமிவிட்டுத் திருப்பி உதைத்தது. கம்பி அவர் மணிக்கட்டில் அடித்தது. எலும்பு முறிந்த சத்தம் பின்னால் நின்ற எங்களுக்கே கேட்டது. அந்த மனுஷர் சேற்றில் உட்கார்ந்து, தொங்கிய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பால் வெட்டும் முத்தம்மா தன் தலைத்துணியை அவிழ்த்துக் கட்டுப் போட்டாள்.

வண்டி வேலை பார்க்கும் பத்துமலை எண்ணெயை மாற்றியிருந்தார், பிளக்குகளின் கரியைத் தேய்த்து எடுத்திருந்தார். வேறு என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை. பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, எங்களில் ஒருவரைக் கம்பியை எட்டி நின்று மெதுவாகச் சுற்றச் சொன்னார். அந்த இருட்டில் எல்லாருமே பார்த்தோம். நீலப் பொறிகள் பிளக்குகளுக்குப் போகும் ஒரு வயரிலிருந்து இன்னொரு வயருக்குத் தாவின. ஓரிடத்தில் வெடிக்க வேண்டியது வேறிடத்தில், வேறு நேரத்தில் வெடித்தால் என்ஜின் உதைக்காமல் என்ன செய்யும்?

அந்த வயர்களின் மேல்தோல் எப்போதோ வெடித்துப் போயிருந்தது. ஈப்போ முழுக்கத் தேடியும் புது வயர் கிடைக்கவில்லை. ரப்பர் விளைகிற ஊரில் ரப்பருக்கா பஞ்சம் என்று, ஷீட்டை நறுக்கி நாங்களே சுற்றிக் கட்டியிருந்தோம். பத்துமலை ஒரு சுற்றைக் கத்தியால் கீறினார். மேலே புகைப்பிடித்த பழுப்பு நிறம், உள்ளே காயாத பச்சை ரப்பரின் வெள்ளை. விரலால் அழுத்தினால் ஈரம் கசிந்தது.

காயாத ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உள்ளே வெள்ளை தெரியும். எங்கள் தோட்டத்தில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். ஆனால் ஷீட் காயவைக்கும் புகைவீட்டு விறகையும் ஜப்பான்காரன் எடுத்துக்கொண்ட பிறகு எதுதான் ஒழுங்காகக் காய்கிறது? சீக்கிரம் கொடு, சீக்கிரம் கொடு என்று எல்லாரும் நச்சரித்ததில், புகைவீட்டு ராக்காயி மாலை மங்கலில் பிடித்துப் பார்க்காமலே ஒரு ஷீட்டை உருவிக் கொடுத்துவிட்டாள். அவள் புருஷன் ஜப்பான்காரன் போடும் சயாம் ரயில்பாதை வேலைக்குப் போய்த் திரும்பவில்லை. வீட்டில் இரண்டு பிள்ளைகள். இப்போது சேற்றில் கிடந்த அந்த வெள்ளைத் துண்டைப் பார்த்தபடி நின்றாள்.

தோட்டக் கணக்கு எழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி பஞ்சலிங்கம் குடையோடு வந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் பயந்த மனுஷர். பயம் எங்களை விட அவரைத்தான் அதிகம் ஆட்டிவைத்தது.

"ஜப்பான் ஆபிசர் வெயிலேற முன்னம் வாறார். வண்டி நிண்டால் அவை சதி எண்டுதான் சொல்லுவினம். நான் ஒரு பேர் குடுக்கத்தான் வேணும்."

பத்துமலை, இது சதி இல்லை, ஈர ரப்பர் செய்த வேலை என்று விளக்கிப் பார்த்தார்.

"அப்ப அந்த ரப்பர் ஆர் தந்தது?"

ராக்காயி தலையை நிமிர்த்தினாள்.

"நாந்தான் ஐயா."

கிராணி கண்ணைத் தாழ்த்திக்கொண்டு ஆபிஸுக்கு நடந்தார். கோபத்தைக் காட்ட ஆளில்லை, எங்களுக்காகக் கேட்கவும் நாதியில்லை. மாற்றிக் கட்டலாமென்றால் புகைவீட்டில் தொங்கிய அத்தனையும் பச்சை.

காய்ந்த ரப்பர் ஓரிடத்தில் மட்டும் இருந்தது. மண்ணெண்ணெய் நின்றுபோனதிலிருந்து நாங்கள் குடியிருக்கும் லயத்தில் எல்லா வீட்டிலும் ஷீட் துண்டுகளைக் கொளுத்தித்தான் வெளிச்சம். தோட்டத்து ரப்பரை வீட்டில் வைத்திருந்ததற்காக ஒருவரைப் போன மாதம் ஆபிஸ் வாசலில் வெயிலில் கட்டிப் போட்டார்கள். அவர் முதுகு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம்.

முத்தம்மாதான் முதலில் லயத்துக்குப் போனாள். அரிசிப் பானைக்கு அடியில் ஒளித்திருந்ததைக் கொண்டுவந்து வண்டியின் மட்கார்டில் வைத்தாள். பிறகு ஒவ்வொருவராகப் போனோம். பலகை இடுக்கிலிருந்து, தலையணைக்குள்ளிருந்து, கோழிக்கூண்டிலிருந்து துண்டுகள் வந்தன. சீனியின் மனைவியும் கொண்டுவந்தாள். வெளுத்துவந்த வானத்துக்கு நேரே ஒவ்வொன்றையும் பிடித்துப் பார்த்தோம். பத்துமலை வயர்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்துச் சுற்றிக்கொண்டிருந்தபோது கிராணி திரும்பி வந்தார்.

"இது களவெடுத்த ரப்பரெல்லோ. தெரிஞ்சுதான் வச்சிருக்கிறியளோ?"

"தெரியும் ஐயா," என்றாள் முத்தம்மா. "எல்லா வீட்டுலயும் இருக்கு. பேரு கொடுக்கணும்னா எல்லாப் பேரையும் கொடுங்க. அவ பேரு மட்டும் தனியா போவக்கூடாது."

கிராணி குடையை மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கினார்.

கம்பியைப் பிடிக்க யாருக்கும் துணிவில்லை. ஒரு சுற்று தப்பாக இருந்தால் இன்னொரு கை போகும். ராக்காயி போய்ப் பிடித்தாள். முத்தம்மா அவள் கைமேல் தன் கையை வைத்தாள். இருவரும் சேர்ந்து இழுத்தார்கள்.

என்ஜின் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் சீராக ஓடியது. பிறகு ஒரு தரம் தடுக்கி, மறுபடி ஓடியது. பத்துமலை காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, ஈப்போ வரை தாங்குமா என்று சொல்ல முடியாது என்றார்.

அப்போது ரோட்டில் இன்னொரு வண்டியின் சத்தம் கேட்டது. ஆபிசரின் கார். வேலைக்கு ஆள் கூட்டும் பிரட்டு மணி அடித்தும் நாங்கள் ரப்பர் காட்டுக்குப் போகவில்லை. ராக்காயியை நடுவில் விட்டுச் சுற்றி நின்றோம். மிச்சத் துண்டுகள் எங்கள் கைகளிலேயே இருந்தன. யாரும் அவற்றை ஒளிக்கவில்லை.