என் கை

எங்கள் குளிர் கிடங்கில் ஷிஃப்ட் மாறும்போது ஒரு பழக்கம் உண்டு. வேலை முடித்துப் போகிறவர்கள், தாங்கள் கோட்டை விட்டதைச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். "ரெண்டாம் ரூம் வால்வ சரியா மூடல, என் கை" என்பார் ஒருவர். அவ்வளவுதான். ஏன், எதற்கு என்று யாரும் நோண்ட மாட்டோம். வால்வை மூடிவிட்டு வேலையைப் பார்ப்போம்.

இதைக் கொண்டுவந்தவர் சூப்பர்வைசர். எதைச் சொன்னாலும் "அதுக்கு ஆதாரம் என்ன?" என்று கேட்பதால் அவர் பெயரே எங்களுக்கு ஆதாரம்தான். "திட்டினா ஓட்டை அடையாது. பயந்தவன் மறைப்பான். மறைச்சா, குளிருக்காக குழாய்ல ஓடற அம்மோனியா கேஸ் நம்மள கொல்லும்" என்பார். ஆள் அறுவைதான். ஆனால் அவர் வந்த பிறகு ஒரு விபத்துகூட இல்லை.

நேற்று சாயங்காலம் அந்த மனிதருக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. எங்கள் மெக்கானிக் தொப்பை, "கேஸ் குழாய் நட்ட முறுக்காம தூங்கிட்டேன், என் கை" என்றான்.

"தூங்கினியா? உள்ள ஆள் இருக்கும்போதா? மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா உனக்கு? நீயெல்லாம் புள்ளகுட்டிக்காரனா?"

நட்டை முறுக்கிய பிறகும் மிச்ச வாடைக்குக் கசிவு மணி விட்டுவிட்டு அடித்தது. பேச்சுக்கு இடைஞ்சல் என்று எட்டி அதன் சுவிட்சை அணைத்துவிட்டு, ஒழுக்கம், பொறுப்பு என்று பொரிந்து தள்ளினார். தொப்பை தலை நிமிரவில்லை. உள்ளே இருந்தது என் வீட்டுக்காரர். அதனால் ஆதாரம் திட்டத் திட்ட எனக்கு இதமாகத்தான் இருந்தது.

இன்று காலை இரவு ஷிஃப்ட் ஆட்கள் வரிசையாக வந்தார்கள்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்ல."

கடைசி ஆள் அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒன்றுமில்லாத ஷிஃப்ட்டை நான் இதுவரை கண்டதில்லை.

"என்ன தொப்பை இது?" என்றேன்.

"ஒரே நாள்ல எல்லாரும் யோக்கியமாயிட்டோம்க்கா" என்றான், சிரிக்காமல்.

ஒன்றுமில்லை என்ற தைரியத்தில் என் வீட்டுக்காரர் பழக் கூடைகளை எடுக்க மூன்றாம் அறைக்குள் போய்விட்டார். லேசான அம்மோனியா வாடையில் எனக்குக் கண் எரிந்தது. சுவரைப் பார்த்தேன். மணிப் பெட்டியில் எப்போதும் எரியும் பச்சை விளக்கு எரியவில்லை.

"சார், மணி லைட்டு எரியலையே. யாரு கை?"

எல்லோரும் திரும்பினார்கள். ஆதாரம் பெட்டியைப் பார்த்தார். பிறகு தன் வலது கையைப் பார்த்தார். பிறகு தொப்பையை. அவர் முகம் வெளிறிப்போனது.

"என்..." என்று ஆரம்பித்தார்.

நான் காத்திருந்தேன். கடவுளே, சொல்லிவிடு மனுஷா என்று வேண்டிக்கொண்டேன்.

"என்னம்மா நீ. ஒண்ணுமில்ல. பல்பு போயிருக்கும், நான் பாத்துக்கறேன்."

"அதுக்கு ஆதாரம் என்ன சார்?"

அவர் சுவிட்சை நோக்கிப் போனார். ஓட வேண்டிய மனிதர், ஓடினால் தெரிந்துவிடும் என்று நடந்தே போனார்.

நான் ஓடினேன். மூன்றாம் அறைக் கதவில் கை வைக்கும்போது பின்னால் மணி அலறத் தொடங்கியது. என் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லிக் கத்தினேன். உள்ளேயிருந்து பதில் இல்லை.